இறங்காத பிரஷருக்கு யார் பொறுப்பு?

மூன்று வகை மாத்திரை விழுங்கியும் பிரஷர் இறங்காத ஒருவர் அநேகமாக நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார். அவரை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதை முதலில் யோசித்துப் பார்க்க வேண்டும். "ஊறுகாயை விடமாட்டேங்கிறாரு", "கோபம் குறைஞ்சாத்தானே பிரஷர் குறையும்", "மாத்திரை போட்டேன்னு பொய் சொல்றாரு" என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். கிளினிக்கில் தாதியும் அதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். இல்லாவிட்டால் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறார். சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய பிள்ளையின் முகத்தோடு அந்த மனிதர் வெளியே வருகிறார்.

சில நேரம் அந்தக் குற்றச்சாட்டு உண்மைதான். உப்பும் மறதியும் பிரஷரை ஏற்றத்தான் செய்யும். ஆனால் உண்மை இல்லாத நேரங்களும் நாம் நினைப்பதைவிட அதிகம். அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு அவர்களின் நாக்கிலோ மனத்திலோ இல்லை. அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, கேட்டு வாங்க நமக்கும் தெரிவதில்லை.

சிறுநீரகத்துக்கு ஒன்றாக அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, எடையில் நான்கைந்து கிராம்தான் இருக்கும். அது சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், உடம்பில் எவ்வளவு உப்பைத் தக்கவைக்க வேண்டும் என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை வெளியிடும். அதைத் தொடர்ந்து ஆல்டோஸ்டிரோன் சுரக்கும். தேவை தீர்ந்ததும் இரண்டும் அடங்கும். இந்தக் கட்டுப்பாடு அறுந்துபோய், ரெனின் அடங்கிய பிறகும் சுரப்பி மட்டும் மூட மறந்த குழாய்போல ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருந்தால், உப்பு உடம்பில் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், இரத்த அழுத்தம் ஏறும். பிரைமரி ஆல்டோஸ்டிரோனிசம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சிலருக்கு ஒரு பக்கச் சுரப்பியில் சிறு கட்டி காரணமாக இருக்கும். வேறு சிலருக்கு இரண்டு சுரப்பிகளுமே மிகையாகச் சுரக்கும். கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவர் 1954இல் இதை அடையாளம் கண்டார். அவரிடம் வந்தவர் 34 வயதுப் பெண். பல ஆண்டுகளாகத் தசை பிடித்து இழுப்பதும் கைகால் துவண்டுபோவதுமாக அவதிப்பட்டவர். பிரஷரும் இருந்தது, பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அறுவை சிகிச்சை செய்தபோது அட்ரினல் சுரப்பியில் 4 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்தது. அதை எடுத்ததும் அவர் தேறிவிட்டார். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இந்தக் கோளாறு இருக்கலாம் என்று கான் பின்னர் சொன்னார். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. நூறில் ஒருவருக்குக்கூட வராத அபூர்வ நோய் என்றே பல பத்தாண்டுகள் கற்பிக்கப்பட்டது. பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டும் தேடியதால் வந்த பிழை அது. 1990களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரிச்சர்ட் கோர்டனும் மைக்கேல் ஸ்டோவாசரும் பொட்டாசியம் சரியாக உள்ளவர்களையும் சோதித்தபோதுதான் இந்த நோய் எவ்வளவு பரவலாக ஒளிந்திருக்கிறது என்பது வெளிப்பட்டது. பொட்டாசியம் குறைவு இன்றும் இந்த நோயாளிகளில் சிறுபான்மையினரிடமே காணப்படுகிறது. "பொட்டாசியம் நார்மல், அதனால் ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அந்தப் பதில் போதாது.

சாதாரண கிளினிக்குகளுக்கு வரும் உயர் இரத்த அழுத்தக்காரர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவரை நெருங்குகிறது. நம் நாட்டுக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு, அதாவது ஏறத்தாழ 64 இலட்சம் பேருக்கு, உயர் இரத்த அழுத்தம். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்விலும் அளவு 29.2 விழுக்காடாகவே நின்றது. அந்த 64 இலட்சத்தில் வெறும் 5 விழுக்காடு என்று வைத்தாலும் 3 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வருகிறார்கள். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவரும், பூச்சோங்கில் பாதுகாவலராக இரவு முழுக்க விழித்திருக்கிறவரும், பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டும் அக்காளும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களில் எத்தனை பேரிடம் "ஆல்டோஸ்டிரோன் பார்த்தாச்சா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள்? வசதி குறையாத அமெரிக்காவிலேயே, மருந்துக்கு அடங்காத பிரஷர் இருந்த 2 இலட்சத்து 69 ஆயிரம் முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்தச் சோதனை செய்யப்பட்டிருந்தது 1.6 விழுக்காட்டினருக்குத்தான். 2020இல் வெளிவந்த ஆய்வு அது.

பிரஷர் என்றால் எல்லாம் ஒன்றுதானே, மாத்திரையால் எப்படியாவது இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதே அளவு பிரஷர் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு மூன்றரை மடங்கு, இதயம் பலவீனமாகும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அழுத்தத்தின் வழியாக மட்டுமல்லாமல், இந்த ஹார்மோன் நேரடியாகவும் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. காரணத்தைக் கண்டறியாமல் மாத்திரையின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் ஒவ்வோர் ஆண்டும் உறுப்புகளுக்கு இழப்புதான். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் வாய் கோணிப் படுக்கையில் விழும்போது "எல்லாம் தலையெழுத்து" என்கிறோம். நான் இந்த வார்த்தையை இனி ஏற்கத் தயாராக இல்லை.

அறிகுறிகள் தெரிந்தாலும் நம் வீடுகளில் அவற்றுக்கு ஏற்கனவே பெயர் வைத்தாகிவிட்டது. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழித்தால் "சக்கரை வந்திருக்கும்". கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் "வாயு". நாள் முழுக்க அசதி என்றால் "நரம்புத் தளர்ச்சி". நெஞ்சு படபடத்தால் "ரொம்ப யோசிக்கிறா". நீர் பிரியும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் பொட்டாசியம் சட்டென்று இறங்கினால் மாத்திரை மேல் பழி விழுகிறது. அந்த இறக்கமே அட்ரினலைச் சோதிக்கச் சொல்லும் ஒரு குறிப்பு. பெண்களின் நிலை இன்னும் மோசம். கர்ப்ப காலத்தில் ஏறிய பிரஷர் பிள்ளை பிறந்தும் இறங்காவிட்டால், "பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான்" என்று மூடிவிடுகிறார்கள். 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகிய கட்டங்களில் தலைகாட்டும் அட்ரினல் கட்டிகளின் தனி வகை ஒன்றையே அடையாளம் காட்டியது.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தைச் சேர்ந்த எலினா அஸிசான், கேம்பிரிட்ஜில் மோரிஸ் பிரவுனோடு பணியாற்றி, ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் கட்டிகளில் இரண்டு மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்த 2013ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர். ஸ்கேனில் எளிதில் தப்பிவிடக்கூடிய சிறிய கட்டிகள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன என்பதை உலகம் புரிந்துகொள்ள உதவிய ஆய்வு அது. அதே பல்கலைக்கழகத்தின் நார்லேலா சுக்கோர், பிரிஸ்பேன் குழுவோடு சேர்ந்து, ஒரு பக்கச் சுரப்பியை அகற்றிய பிறகு நோயாளிகளின் வாழ்க்கைத் தரமே உயர்கிறது என்று 2010இல் காட்டினார். செராஸில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. பந்தாய் பக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. புத்ராஜெயா மருத்துவமனை நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கான நாட்டின் முதன்மை மையம். எல்லாம் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் போய்வரக்கூடிய தூரத்தில்தான். அறிவு வாசலில் நிற்கிறது. ஆனால் தாமான் ஓரத்து கிளினிக்கில் எண் அழைக்கக் காத்திருப்பவரை அது எட்டவில்லை. இந்த இடைவெளியை மருத்துவர்கள் மட்டும் அடைத்துவிட முடியாது என்பதுதான் என் வாதம்.

பரிசோதனை எளிதுதான், அதற்குரிய ஒழுங்குகள்தான் கொஞ்சம் கூடுதல். காலையில் எழுந்து குறைந்தது இரண்டு மணி நேரம் நடமாடியபின், சில நிமிடம் உட்காரவைத்து இரத்தம் எடுக்க வேண்டும். ஆல்டோஸ்டிரோன் எவ்வளவு, ரெனின் எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன என்று பார்ப்பார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சில பிரஷர் மாத்திரைகள் முடிவைத் திரிக்கும் என்பதால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. எடுத்த இரத்தத்தை, பிளாஸ்மாவைப் பிரிக்கும்வரை, ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. வைத்தால் ரெனின் பொய்யாக உயர்ந்து, இருக்கும் நோய் இல்லாததுபோல் தெரியும். சிறிய கிளினிக் ஆய்வகங்களில் செய்துவிடக்கூடிய சோதனை அல்ல இது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

இந்தக் காலை நேரம் யாருக்குக் கிடைக்கிறது? இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவர் என்ன செய்வார்? பரிசோதனைக்குப் போனால் எம்சி கிடைக்காமல் டைம் சிலிப் மட்டும் கிடைக்கும் இடங்கள் உண்டு. அந்தச் சிலிப்பைப் பார்த்து அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கிற முதலாளிகளும் உண்டு. நாள்கூலிக்காரருக்கு அந்தக் காலை என்பது அன்றைய சமையல் செலவு. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி என்று கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கிள்ளானிலிருந்து கொமூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ரயில் மாறி புத்ராஜெயா போய்த் திரும்பும் ஒரு நாளின் விலையை அந்தக் கட்டணப் பலகை சொல்லாது. நம் சமூகத்தில் லோரி நிறுவனமும் உணவகமும் பாதுகாவலர் நிறுவனமும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: மூன்று மாத்திரை சாப்பிடும் உங்கள் தொழிலாளிக்கு இந்தப் பரிசோதனைக்காக ஒரு காலையைச் சம்பளத்தோடு கொடுங்கள். பக்கவாதம் வந்தபின் மருத்துவமனைக்குப் பழக்கூடையோடு போவதைவிட இது பெரிய உதவி.

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியது இன்னும் பெரிது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி, உயர் இரத்த அழுத்தம் உறுதியான எல்லாப் பெரியவர்களுக்கும் இந்தச் சோதனையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. 2025இல் வந்த எண்டோக்ரைன் சொசைட்டி வழிகாட்டியும் எல்லாருக்கும் என்றே பரிந்துரைக்கிறது. நம்மால் நாளைக்கே 64 இலட்சம் பேரைச் சோதிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கே தொடங்குவது என்பதில் குழப்பம் இல்லை. நாற்பது வயதுக்கு முன்பே பிரஷர் வந்தவர்கள், மூன்று மருந்துக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், இளவயதில் பக்கவாதம் கண்ட குடும்பத்தினர், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், வேறெதற்கோ ஸ்கேன் எடுத்தபோது அட்ரினலில் கட்டி தெரிந்தவர்கள் ஆகியோருக்கு அரசு கிளினிக்கிலுள்ள குடும்ப மருத்துவ நிபுணரே சோதனையை எழுதிக்கொடுக்கவும், மாதிரி மட்டும் மருத்துவமனைக்குப் பயணிக்கவும் வழி செய்யலாம். குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தின் இலவசப் பரிசோதனை நாற்பது வயதிலிருந்துதான் தொடங்குகிறது. முப்பது வயதில் பிரஷர் வந்தவரையே அதிகம் சந்தேகிக்க வேண்டியிருக்க, அவரை வாசலில் நிறுத்தும் வயது வரம்பு இது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை நோய்த் தடுப்பையும் அடிப்படை மருத்துவ சேவையையும் முன்னே வைத்தது. அந்த வார்த்தை எவ்வளவு மெய் என்பதற்கு இது ஒரு நல்ல தேர்வு.

நம் சமையலறைக்கும் மருந்துக் கடைக்கும் வருகிறேன். நாட்டு மருந்துக் கடைகளில் அதிமதுரம் கிடைக்காத இடமில்லை. தொண்டைக்கட்டுக்கும் வறட்டு இருமலுக்கும் பாட்டி காலத்திலிருந்து பழகிய மருந்து. சீன மருந்துக் கடையிலும் அதே குடும்பத்து வேர் இருக்கிறது. ஓரிரு நாள் சுவைப்பதில் பயமில்லை. ஆனால் வாரக் கணக்கில் தினமும் கஷாயமாகக் குடித்தால் அதிலுள்ள கிளிசிரைசின், ஆல்டோஸ்டிரோன் கூடிய உடம்பைப் போலவே ஆக்கிவிடும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அட்ரினல் சோதனையையும் அது குழப்பும். மருத்துவரிடம் நாம் அதைச் சொல்வதில்லை. கேட்டால் சிரிப்பாரோ என்ற கூச்சம். மருத்துவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும், நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு என்று கைமாறி வரும் பெயரில்லாத மாத்திரைகள் வேறு ஆபத்து. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அது அட்ரினலையே முடக்கிப்போடும். மால் (MAL) பதிவு எண் இல்லாத எந்த மருந்தையும் வாங்காதீர்கள்.

உப்பைக் குறைப்பது இந்த நோயாளிக்கும் கட்டாயம். சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கூடுதல் கட்டாயம், ஏனென்றால் மிகையான ஆல்டோஸ்டிரோன் உப்போடு சேரும்போதுதான் அதிகச் சேதம் செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. மலேசியர் சராசரியாக 7.9 கிராம் உண்கிறோம். ஐந்தில் நால்வர் அளவை மீறுகிறோம். வாழையிலைச் சாப்பாட்டில் அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என்று நான்கு மூலையிலும் உப்பு நிற்கிறது. துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை நடத்துகிறவர்கள் ரசத்திலும் கறியிலும் உப்பைச் சிறிது குறைத்து, வேண்டுகிறவர் மேசையில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் யாருக்கும் நட்டமில்லை. கோவில் அன்னதானத்திலும் அப்படியே. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் ஆக்கிப் போட்டு அவரைத் தண்டிப்பதை நிறுத்திவிட்டு, எல்லாருமே குறைத்துச் சாப்பிடலாம்.

நோய் உறுதியானபின் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை இல்லை. எந்தப் பக்கச் சுரப்பி தவறு செய்கிறது என்று அறிய, தொடைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி இரண்டு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் இரத்தம் எடுப்பார்கள். வலப்பக்கச் சிரை மிகக் குட்டையானது. கைப்பழக்கமுள்ள மருத்துவர்களால் மட்டுமே முடியும். ஒரு பக்கம்தான் என்றால் அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். எடுத்தால் முழுக்க விடுதலை என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்: பல நாட்டு நோயாளிகள் 705 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் கோளாறு 94 விழுக்காட்டினருக்குத் தீர்ந்தது, மாத்திரையே இல்லாமல் பிரஷர் சீரானது 37 விழுக்காட்டினருக்கு, மேலும் 47 விழுக்காட்டினருக்குப் பிரஷரோ மாத்திரையோ குறைந்தது. காலம் தாழ்த்தினால் இரத்தக் குழாய்கள் விறைத்துப்போய், காரணத்தை நீக்கினாலும் பிரஷர் இறங்காமல் நிலைத்துவிடும்.

இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன். அறுபது ஆண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ள பழைய, விலை குறைந்த மாத்திரை. அதில் நாம் பேசத் தயங்கும் ஒன்று இருக்கிறது. சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், தாம்பத்திய ஆர்வம் குறையும். சில பெண்களுக்கு மாதவிடாய் தப்பும். ஆண்கள் இதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் மறுபடி ஏறுகிறது. மறுபடி "மாத்திரை போடலை" என்ற குற்றச்சாட்டு, இந்தத் தடவை உண்மையாகவே. எப்ளெரினோன் போன்ற மாற்று மாத்திரைகள் உண்டு. அளவைக் குறைத்தும் பார்க்கலாம். மாத்திரை தரும்போதே இது வரக்கூடும் என்று மருத்துவரோ மருந்தாளரோ இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் தொடர்ந்து சாப்பிடுவார்கள். இந்த மாத்திரை பொட்டாசியத்தை உயர்த்தும் என்பதால், சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. இரத்தத்தில் பொட்டாசியத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 17 உலக உயர் இரத்த அழுத்த நாள். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோவிலும் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலும், நம் இளைஞர் மன்றங்களும் மகளிர் சங்கங்களும் முகாம் போட்டு பிரஷர் பார்த்தால் நல்லது. அத்தோடு எழுந்துவிடாமல், யாருக்கு எத்தனை மாத்திரை, எந்த வயதில் தொடங்கியது, வீட்டில் யாருக்குப் பக்கவாதம் என்ற கேள்விகளையும் தமிழில் கேட்டு, சந்தேகத்துக்குரியவர் கையில் ஒரு குறிப்பெழுதி அனுப்பலாம். வயதான அம்மாவுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தெரியாது. படித்த பிள்ளை கூடப் போக வேண்டும். மகனோ மகளோ தூரத்தில் இருந்தால் அண்டைவீட்டுப் பிள்ளை போகலாம்.

உங்கள் வீட்டில் மூன்று மாத்திரைக்கும் பிரஷர் அடங்காதவரோ, நாற்பதுக்கு முன்பே பிரஷர் வந்தவரோ இருந்தால், அடுத்த தவணைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போய், மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு ஆல்டோஸ்டிரோன், ரெனின் ஒருமுறை பார்க்கலாமா?"